அசையும் படமும் அசையா விதியும்

நுழையும்முன்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. படங்களின் வழியே உலகை அறியும் இக்காலத்தில் அம்மொழி புதிய பொருள் பெறுகிறது. காட்சி எளிதில் ஈர்க்கும். விதி அவ்வாறு ஈர்ப்பதில்லை. ஆயினும், முடிவெடுக்க வேண்டிய இடத்தில் துணைநிற்பது விதியே. மாணவர்கள் எந்திரன்களை உருவாக்கிப் போட்டியிடும் ஒரு களத்தில் இவ்வுண்மை வெளிப்படும் விதத்தை இப்பாடம் விளக்குகிறது.

2022ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள், சனிக்கிழமை. பல நாடுகளைச் சேர்ந்த பள்ளி மாணவர்கள் அன்று ஒரே அறிவிப்பிற்காகத் திரைமுன் காத்திருந்தனர். சில மணித்துளிகளே ஓடும் ஓர் அசைவூட்டப் படம் வெளியானது. சிவப்பு, நீலம் என இரு நிறப் பந்துகள் களத்தில் உருண்டன. எந்திரன்கள் அவற்றை அள்ளின. நடுவில் நின்ற உயரமான கூடையை நோக்கி எறிந்தன. இறுதியில் கம்பிகளைப் பற்றித் தொங்கின. அன்றே, அந்த ஆட்டத்திற்குரிய விதிநூலும் வெளியானது.

படத்தைப் பார்த்து முடிப்பதற்குச் சில மணித்துளிகள் போதும். விதிநூலோ நூறு பக்கங்களைக் கடந்தது. எதை முதலில் பார்ப்பது என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. எதை நம்பி எந்திரனை வடிவமைப்பது என்பதே உண்மையான வினா. அவ்வினாவிற்குத் தவறாக விடை கண்ட அணி, பல வார உழைப்பை இழக்க நேரிடும்.

போட்டியின் வரலாறு

அமெரிக்கப் புத்தாக்குநர் டீன் கேமன், மாணவரிடையே அறிவியல், தொழில்நுட்ப ஆர்வத்தை வளர்க்கும் நோக்கில் 1989இல் ‘ஃபர்ஸ்ட்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் அவருக்குத் துணைநின்றார். இவ்வமைப்பின் முதல் எந்திரன் போட்டி 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடைபெற்றது. அதில் 28 அணிகள் கலந்துகொண்டன. இன்று ஆயிரக்கணக்கான அணிகள் பங்கேற்கும் போட்டியாக அது வளர்ந்துள்ளது.

ஒவ்வோர் ஆண்டும் புதிய ஆட்டம் அறிவிக்கப்படுவது இப்போட்டியின் தனிச்சிறப்பு. சென்ற ஆண்டு எந்திரனைக் கொண்டு இவ்வாண்டு வெல்ல இயலாது. சனவரியில் ஆட்டம் அறிவிக்கப்பட்டால், மார்ச்சுத் தொடக்கத்தில் போட்டிகள் தொடங்கிவிடும். இடைப்பட்ட ஏறத்தாழ எட்டு வாரங்களுக்குள் மாணவர்கள் ஆட்டத்தைப் புரிந்துகொண்டு, திட்டமிட்டு, எந்திரனை உருவாக்கி, இயக்கிப் பழக வேண்டும். இதனால், முதல் வாரத்தில் நேரும் பிழையான புரிதல் இறுதி வாரம்வரை தொடர்ந்து வரும்.

ரேபிட் ரியாக்ட் ஆட்டம்

2022ஆம் ஆண்டு ஆட்டத்தின் பெயர் ‘ரேபிட் ரியாக்ட்’. மூன்று அணிகள் சேர்ந்த சிவப்புக் கூட்டணியும், மூன்று அணிகள் சேர்ந்த நீலக் கூட்டணியும் மோதும். ஓர் ஆட்டத்தின் காலம் இரண்டரை மணித்துளி. முதல் 15 நொடிகளில் எந்திரன்கள் முன்னரே எழுதப்பட்ட நிரலின்படி தாமாகவே இயங்கும். அதன்பின், மாணவர்கள் களத்திற்கு வெளியிலிருந்து அவற்றை இயக்குவர்.

பந்துகளின் விட்டம் ஏறத்தாழ 24 செ.மீ. களத்தின் நடுவே மேற்கூடையும் கீழ்க்கூடையும் கொண்ட ஓர் அமைப்பு உண்டு. மாணவர் இயக்கும் காலத்தில் மேற்கூடையில் விழும் பந்துக்கு 2 புள்ளிகள். கீழ்க்கூடையில் விழும் பந்துக்கு 1 புள்ளி. தானியங்கிக் காலத்தில் இவை இருமடங்காகும். இறுதியில், ஏறுபகுதியிலுள்ள நான்கு கம்பிகளுள் ஒன்றைப் பற்றித் தொங்கும் எந்திரனுக்குக் கம்பியின் நிலைக்கேற்ப 4, 6, 10, 15 எனப் புள்ளிகள் கிடைக்கும்.

விதியை மீறினால் மீறிய கூட்டணியின் புள்ளி குறைவதில்லை. எதிர்க் கூட்டணியின் புள்ளி கூடும். சிறு மீறலுக்கு 4 புள்ளிகள். பெரு மீறலுக்கு 8 புள்ளிகள். ஒரு சிறு மீறல், எதிரணிக்கு மேற்கூடையில் இரண்டு பந்துகளைத் தாமே போட்டுக் கொடுத்ததற்கு ஒப்பாகும்.

படத்தில் பிழை நேர்வது ஏன்?

அசைவூட்டப் படத்தின் பணி, ஆட்டத்தின் போக்கை விரைவில் புரியவைப்பது. களம் எப்படி இருக்கும், பந்து எங்கே செல்லும், புள்ளி எவ்வாறு சேரும் ஆகிய மூன்றையும் அது நன்கு கூறும். ஆனால், விதிகள் அனைத்தையும் காட்டுவது அதன் பணியன்று, காட்டவும் இயலாது. ‘இரண்டு பந்துகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது’ என்னும் தடையை எடுத்துக்கொள்வோர், இரண்டு பந்துகளுடன் ஓடும் எந்திரனை வரைந்து காட்டலாம். மூன்றாவது பந்துக்கு இடமில்லை என்பதை அக்காட்சி சொல்லாது. உள்ளதைப் படம் காட்டும். கூடாததை எழுத்துத்தான் கூற முடியும்.

படத்தில் ஓடும் எந்திரன்களுக்கு எடையில்லை, மின்கலம் தீர்வதில்லை, சக்கரம் வழுக்குவதில்லை. காட்சி அழகிற்காக ஒரு கை சற்று நீளலாம். விறுவிறுப்பிற்காக ஒரு பந்து கூடையிலிருந்து நேராக எந்திரனின் மடியில் வந்து விழலாம். வரைபவர் விதியை மீற எண்ணியிருக்கமாட்டார். அவரது கவனம் வேறிடத்தில் இருந்திருக்கும். ஆகவே, புதிய படம் வெளியானவுடன் அதைச் சட்டகம் சட்டகமாக நிறுத்தி, விதிமீறல்களைத் தேடுவதை மாணவர் பலர் ஒரு விளையாட்டாகவே கொண்டுள்ளனர். அவ்விளையாட்டு, விதிநூலைக் கருத்தூன்றிக் கற்பதற்குரிய சிறந்த வழியாகவும் அமைகிறது.

நூற்பாவும் உரையும்

தமிழ் இலக்கண மரபில் நூற்பா வேறு; உரை வேறு. நூற்பா சுருங்கிய சொல்லால் வரையறுக்கும். உரை எடுத்துக்காட்டுத் தந்து விளக்கும். தொல்காப்பியத்திற்கு உரைகள் பல, நூற்பா ஒன்றே. இந்த எந்திரன் போட்டியின் விதிநூலும் இவ்வகையான அடுக்குகளைக் கொண்டது.

ஒவ்வொரு விதிக்கும் சுருக்கமான தலைப்பு உண்டு. அது நினைவில் நிறுத்துவதற்கு உதவும். ஆனால், அதுவே விதியாகாது. அடுத்து விதியின் வாசகம் வரும். சில விதிகளின்கீழ் நீலநிறக் கட்டத்தில் விளக்கமும் எடுத்துக்காட்டும் இடம்பெறும். அது உரை போன்றது. விதியும் விளக்கமும் முரண்பட்டால் விதியின் வாசகமே நிற்கும் என்று நூலே தெளிவுபடுத்துகிறது. பொருள் வரையறுக்கப்பட்ட சொற்கள் அனைத்தும் பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றின் வரையறைகள் நூலின் இறுதியில் தொகுக்கப்பட்டிருக்கும். வழக்கில் ஒரு சொல்லுக்குரிய பொருளைக் கொண்டு விதியைப் படித்தால் பிழை நேரும். நூல் தரும் பொருளைக் கொண்டே படிக்க வேண்டும்.

எழுதப்பட்ட வாசகம் எதைக் கூறுகிறதோ அதையே, அதை மட்டுமே கொள்ள வேண்டும் என்பது அந்நூலின் அடிப்படைக் கொள்கை. எழுதியவர் இப்படித்தான் எண்ணியிருப்பார் என்று ஊகிப்பதற்கும், சென்ற ஆண்டு இப்படித்தான் இருந்தது என்று கருதுவதற்கும் அங்கே இடமில்லை.

இக்கொள்கையை மனத்திற்கொண்டு சில காட்சிகளை ஆராயலாம். பின்வரும் காட்சிகள் விளக்கத்திற்காகக் கற்பனை செய்யப்பட்டவை. அவற்றோடு ஒப்பிடப்படும் விதிகள் 2022ஆம் ஆண்டு ஆட்டத்திற்குரியவை.

முதற்காட்சி: மூன்றாம் பந்து

எந்திரன் ஒன்று இரண்டு பந்துகளைத் தன்னுள் ஏந்தி விரைகிறது. அதன் முன்புறத்தில் மூன்றாவது பந்து ஒன்று ஒட்டியபடி உருண்டு செல்கிறது. படத்தை அந்த நொடியில் நிறுத்தினால், ஓர் எந்திரனிடம் மூன்று பந்துகள் தெரியும். ஒரே நேரத்தில் இரண்டு பந்துகளுக்கு மேல் கட்டுப்பாட்டில் வைத்திருக்கக்கூடாது என்பது விதி. எனவே, இது மீறல் என்று உடனே கூறத் தோன்றும்.

முடிவுக்கு முன் இரண்டு சொற்களை ஆராய வேண்டும். ஒன்று, ‘கட்டுப்பாடு’. பந்தை முழுவதுமாகத் தாங்கியிருப்பது கட்டுப்பாடு. விரும்பிய இடத்திற்கோ திசைக்கோ பந்தை வேண்டுமென்றே நகர்த்திச் செல்வதும் கட்டுப்பாடே. ஆனால், செல்லும் வழியில் கிடந்த பந்தின்மீது தற்செயலாக மோதித் தள்ளுவது கட்டுப்பாடு ஆகாது. பறந்து வரும் பந்து எந்திரன்மீது பட்டுத் தெறிப்பதும் கட்டுப்பாடு ஆகாது. மந்தையை ஓட்டிச் செல்லும் ஆயனுக்கும், வழியில் நின்ற ஆட்டை இடித்துச் செல்லும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு இது.

மற்றொன்று, காலம். நொடிப்பொழுதுக் கட்டுப்பாட்டை விதி தடுக்கவில்லை. அதைவிட நீடிப்பதையே தடுக்கிறது. நொடிப்பொழுது என்பது ஏறத்தாழ 3 நொடிகளுக்கு உட்பட்டது என்று நூல் வரையறுக்கிறது. மூன்றாவது பந்தைத் தவறுதலாக அள்ளிய எந்திரன், உடனே அதை வெளியே தள்ளிவிட்டால் மீறல் இல்லை.

இதிலிருந்து ஒரு முக்கிய உண்மை புலப்படும். நிறுத்திவைக்கப்பட்ட ஒரு சட்டகத்தால் இம்மீறலை மெய்ப்பிக்க இயலாது. முன்னும் பின்னும் ஓடும் காட்சியைக் காண வேண்டும். எந்திரன் திரும்பும்போது மூன்றாம் பந்தும் அதனோடு சேர்ந்து திரும்புகிறதா? பந்து விலகியபோது எந்திரன் மீண்டும் அதைத் தேடிச் செல்கிறதா? இறுதியில் அந்தப் பந்து கூடையின் அருகே கொண்டுவரப்படுகிறதா? இவ்வினாக்களுக்கு ‘ஆம்’ என்னும் விடை கிடைத்து, அந்நிலை 3 நொடிகளுக்கு மேல் நீடித்தால்தான் ‘மீறல்’ என்று துணிந்து கூறலாம்.

இக்காட்சியை மட்டும் நம்பி, மூன்று பந்துகளை ஏந்தும் எந்திரனை ஓர் அணி உருவாக்குவதாகக் கொள்வோம். மூன்றாவது பந்தால் அதற்குக் கூடுதலாகக் கிடைப்பது 2 புள்ளிகள். சிறு மீறலாகக் கருதப்பட்டாலும் எதிரணிக்குச் செல்வது 4 புள்ளிகள். கூடுதலாக உழைத்துக் கூடுதலாக இழக்கும் நிலை அது.

இரண்டாம் காட்சி: கூடையிலிருந்து வந்த பந்து

மேற்கூடையில் விழுந்த பந்து, அதன் வெளிவாயில் வழியாகக் களத்திற்குத் திரும்புகிறது. வாயிலின்கீழே காத்திருக்கும் எந்திரன் அதை அப்படியே ஏந்திக்கொண்டு மீண்டும் எறிகிறது. காண்பதற்கு இது திறமையான ஆட்டமாகத் தோன்றும். ஆனால், இது விதிக்குப் புறம்பானது. மேற்கூடையின் வெளிவாயிலிலிருந்து வரும் பந்து, அந்த எந்திரனையும் அதன் கட்டுப்பாட்டிலுள்ள பந்துகளையும் தவிர வேறு எதன்மீதாவது படும்வரை, அந்த எந்திரன் அதைத் தன் கட்டுப்பாட்டில் கொள்ளக்கூடாது.

முதற்காட்சியில் எண்ணிக்கையும் காலமும் முடிவைத் தந்தன. இங்கே முடிவைத் தருவது நிகழ்ச்சிகளின் வரிசை. பந்து முதலில் தரையைத் தொட்டதா, எந்திரனைத் தொட்டதா? படத்தை மெதுவாக ஓட்டி, பந்து வாயிலைவிட்டு வெளியேறும் சட்டகத்தையும், எந்திரனுக்குள் நுழையும் சட்டகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவற்றிற்கு இடைப்பட்ட எல்லாச் சட்டகங்களிலும் பந்து வேறு எதையும் தொடவில்லை என்று தெரிந்தால் மீறல் உறுதியாகும். இடையில் கேமரா வேறு பக்கம் திரும்பியிருந்தால், அந்த இடைவெளியில் நிகழ்ந்ததை எவராலும் அறிய இயலாது. அப்போது ‘உறுதியில்லை’ என்று எழுதுவதே நேர்மை.

மூன்றாம் காட்சி: நீண்ட கை

எந்திரன் ஒன்று தரையில் கிடக்கும் பந்தை அள்ளுவதற்காகத் தன் கையை வெளியே நீட்டுகிறது. எந்திரனின் சட்ட எல்லையிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ.க்கு மேல் எந்த உறுப்பும் நீளக்கூடாது என்பது விதி. திரையில் அளவுகோல் இல்லை. எனினும், அளப்பதற்கு வழியுண்டு. பந்தின் விட்டம் 24 செ.மீ. எனத் தெரியும். ஆகவே, பந்தையே அளவுகோலாகக் கொள்ளலாம். ஒன்றே முக்கால் பந்தின் நீளத்திற்குச் சற்றுக் குறைவான அளவே வரம்பு. கையின் நீளம் இரண்டரைப் பந்துகளுக்கு ஈடாக இருந்தால், அது 60 செ.மீ.; மீறல் வெளிப்படை. ஒன்றே முக்கால் பந்தளவு என்றால், அளவீட்டுப் பிழைக்கு இடமுண்டு, முடிவு கூறலாகாது.

இம்முறையில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, அளவுகோலாகும் பந்தும் அளக்கப்படும் கையும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும். பந்து தொலைவில் இருந்தால் சிறிதாகத் தெரியும். அதனால் கை, இருப்பதைவிட நீண்டதாகக் கணக்கிடப்படும். இரண்டாவது, அளவை எங்கிருந்து தொடங்குவது என்பது. எந்திரனைச் சுற்றி நுரைப்பஞ்சும் துணியும் கொண்ட பம்பர் பொருத்தப்பட்டிருக்கும். வெளியில் தெரிவது பம்பரின் விளிம்பு. விதி குறிப்பிடுவதோ அதற்கு உட்புறத்திலுள்ள சட்டத்தின் எல்லை. பம்பரிலிருந்து அளப்பவர், பம்பரின் தடிப்பைக் கணக்கில் சேர்க்க மறந்தவராவார். மீறலை மீறலன்று என்று அவர் விட்டுவிடக்கூடும்.

உயரத்திற்கும் இதே முறை பொருந்தும். ஏறுபகுதிக்கு வெளியே எந்திரனின் உயரம் ஏறத்தாழ 167 செ.மீ.யைக் கடக்கக்கூடாது. மேற்கூடையின் உயரமோ ஏறத்தாழ 264 செ.மீ. எந்திரன் கூடையின் அருகே நிற்கும்போது, கூடையின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிவிட்டால் வரம்பைக் கடந்துவிட்டது எனலாம். ஏறுபகுதிக்குள் இருந்தால் இவ்வரம்பு இல்லை. எனவே, உயரத்தை அளப்பதற்கு முன் தரையிலுள்ள எல்லைக்கோட்டைப் பார்க்க வேண்டும்.

நான்காம் காட்சி: அடைபட்ட எந்திரன்

நீல எந்திரன் ஒன்று களத்தின் ஓரத்தில் நிற்கிறது. சிவப்பு எந்திரன் அதனை நகரவிடாமல் சுவரோடு அழுத்துகிறது. எதிரணி எந்திரனை இவ்வாறு 5 நொடிகளுக்கு மேல் அடைத்து வைக்கக்கூடாது. மோதலும் மறிப்பும் இவ்வாட்டத்தில் இயல்பானவை. 5 நொடிகளைக் கடந்த அடைப்பே தவறு.

ஒரு நொடிக்கு 30 சட்டகங்கள் கொண்ட படமெனில், 5 நொடிகளுக்கு 150 சட்டகங்கள். எண்ணிப் பார்க்கலாம். ஆனால், இரண்டரை மணித்துளி ஆட்டத்தைப் படம் சுருக்கிக் காட்டுகிறது. காட்சி வெட்டப்பட்டு ஒட்டப்பட்டிருந்தால், திரையில் ஓடும் நேரமும் களத்தில் ஓடும் நேரமும் ஒன்றாக இரா. திரையின் ஓரத்தில் ஆட்டக் கடிகாரம் தெரிந்தால் அதையே நம்ப வேண்டும். தெரியவில்லை என்றால், வெட்டப்படாத ஒரே காட்சிக்குள் மட்டுமே நேரத்தை அளக்க வேண்டும்.

மீறல்போலத் தோன்றுவன

குறை காண விழைவோர் குறையில்லாத இடத்திலும் குறை காண்பர். சிவப்புக் கூட்டணியின் எந்திரன் நீலப் பந்தை எடுத்துச் செல்வதாகப் படம் காட்டினால், பலர் அதை மீறல் என்று குறிப்பர். அவ்வாறு எடுப்பதை விதி தடுக்கவில்லை. எதிரணியின் பந்தைக் கூடையிலிருந்து விலக்கிக் கொண்டுபோவது ஒரு தற்காப்பு உத்தியாகவும் அமையும். அந்தப் பந்தைத் தவறுதலாகக் கூடையில் எறிந்துவிட்டால்கூட அது விதிமீறல் ஆகாது. பந்து எந்த நிறமோ அந்த நிறத்துக் கூட்டணிக்கே புள்ளி சேரும். எதிரணிக்குப் புள்ளி சேர்ப்பது அறிவுடைமை அன்று. ஆயினும் அது குற்றமும் அன்று.

அறிவின்மையும் விதிமீறலும் வெவ்வேறானவை. விரும்பத்தகாத ஒன்றைக் கண்டவுடன் ‘இது தவறு’ என்று மனம் கூறும். ‘எந்த விதியின் எந்தச் சொல்லின்படி தவறு?’ என்று அடுத்து வினவ வேண்டும். அதற்கு விடை இல்லையெனில், தவறு என்பது காண்பவரின் விருப்பமின்மை மட்டுமே.

கண்டதைக் கூறும் முறை

பிழையைக் கண்டறிவது பாதிப் பணி. பிறர் சரிபார்க்கும் வகையில் அதை எழுதுவது மறுபாதி. நல்ல குறிப்பு ஐந்து பகுதிகளைக் கொண்டிருக்கும்: காட்சி இடம்பெறும் நேரம், கண்ணுக்குத் தெரிவது, தொடர்புடைய விதி, அளவீடு அல்லது வரையறை, முடிவு. கண்ணுக்குத் தெரிவதை எழுதும்போது முடிவைக் கலக்கக்கூடாது. ‘எந்திரன் சட்டவிரோதமாக மூன்று பந்துகளைக் கொண்டு சென்றது’ என்பது முடிவு கலந்த வாக்கியம். ‘எந்திரனுக்குள் இரண்டு பந்துகள் உள்ளன, மூன்றாவது பந்து அதன் முன்புறத்தைத் தொட்டபடி 4 நொடிகள் உருள்கிறது, எந்திரன் இடப்புறம் திரும்பும்போது பந்தும் திரும்புகிறது’ என்பது காட்சியை மட்டும் கூறும் வாக்கியம். பின்னதைப் படிப்பவர் தாமே படத்தைப் பார்த்துச் சரிபார்க்க இயலும்.

படத்திற்கும் விதிக்கும் இடையே முரண் இருப்பதாக உறுதிப்பட்டால், அணிகள் அதை அமைப்பாளரிடம் முறைப்படி வினவலாம். இதற்கெனப் பொது வினா விடைத் தளம் ஒன்று உள்ளது. ஓர் அணி கேட்கும் வினாவும் அதற்குரிய விடையும் எல்லா அணிகளுக்கும் தெரியும். விதிநூலில் திருத்தம் தேவைப்பட்டால், குறித்த நாள்களில் வெளியாகும் அறிவிப்புகளின்வழி அது செய்யப்படும். வினாவிற்குத் தரப்படும் விடைகூட விதியின் வாசகத்தை மாற்றிவிடாது. முறைப்படி வெளியாகும் திருத்தமே மாற்றும். களத்தில் ஐயம் எழுந்தால் தலைமை நடுவரின் முடிவே இறுதியானது.

பிழையைக் கண்ட அணி அதைத் தனக்குள் மறைத்து வைத்துக்கொண்டு பிறர் தடுமாறுவதைப் பார்த்து மகிழலாம். ஆனால், வினாவைப் பொதுவில் கேட்கும் அணி, தன்னோடு மோதப்போகும் அணிகளையும் அத்தடுமாற்றத்திலிருந்து காக்கிறது. கடுமையாகப் போட்டியிடும்போதும் பிறரை மதித்து உதவும் பண்பை இப்போட்டியின் அடிநாதமாக ஆக்கியவர் வூடி ஃபிளவர்ஸ். தரமான பணியும் கனிவான நடத்தையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பது அவர் வற்புறுத்திய கருத்து. பிழை சுட்டும் முறையிலும் அப்பண்பு வெளிப்பட வேண்டும். படத்தை உருவாக்கியவரை எள்ளுவது எளிது. அவர் படத்தால் ஆட்டத்தைப் புரிந்துகொண்டுதான் பிழையையே காண முடிந்தது என்பதை மறக்கலாகாது.

களத்திற்கு அப்பால்

இப்பயிற்சி எந்திரன் களத்தோடு முடிவதில்லை. புதிய கருவியை இயக்கிக் காட்டும் விளக்கப்படம், வேதியியல் ஆய்வகச் செய்முறையைக் காட்டும் காணொலி, சாலை விதிகளை விளக்கும் படம் ஆகிய அனைத்தும் ஒரு செயலைக் காட்டுகின்றன. அச்செயலின் எல்லைகளை அவை முழுவதும் காட்டுவதில்லை. காணொலியில் கையுறை இல்லாமல் அமிலம் ஊற்றப்பட்டது என்பதற்காக ஆய்வகப் பாதுகாப்பு விதி தளர்ந்துவிடாது. காட்சியில் கண்டதைச் செய்வதற்குமுன் அதற்குரிய விதியைத் தேடிப் படிப்பவர், தம்மையும் உடனிருப்போரையும் காத்துக்கொள்கிறார்.

எட்டு வாரங்களில் எந்திரனை உருவாக்கும் மாணவர் குழு, முதல் நாளிலேயே படத்தைப் பத்து முறை பார்க்கும். அதில் தவறில்லை. விதிநூலை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்துவிட்டுப் பதினோராவது முறை பார்க்கும்போது, அதே படம் வேறொரு படமாகத் தெரியும். முதலில் வியப்பளித்த இடத்தில் இப்போது ஐயம் எழும். முதலில் கண்ணில் படாத எல்லைக்கோடு இப்போது முன்னே வந்து நிற்கும். படம் மாறவில்லை, பார்ப்பவர் மாறியிருக்கிறார். எந்திரனை உருவாக்கத் தொடங்க அதுவே உரிய வேளை.

தெரிந்து தெளிவோம்

எந்திரன் களத்தில் இறங்குவதற்கு முன் ஆய்வாளர்கள் அதன் எடை, அளவு, பாதுகாப்பு ஆகியவற்றைச் சரிபார்ப்பர். 2022ஆம் ஆண்டு விதிப்படி, மின்கலமும் பம்பரும் நீங்கலாக எந்திரனின் எடை 125 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 56 கிலோகிராமுக்கு மிகக்கூடாது. திரையில் ஓடும் எந்திரனுக்கு இந்த ஆய்வு இல்லை. களத்தில் ஓடும் எந்திரனுக்கு உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் விளையாடப்படும் ஒரு விளையாட்டின் காணொலியைப் பார்த்து, விதிமீறல் எனத் தோன்றும் ஒரு நிகழ்வைப் பாடத்தில் கூறப்பட்ட ஐந்து பகுதிகளில் குறிப்பாக எழுதுக.

2. ‘கட்டுப்பாடு’ என்னும் சொல்லின் வழக்குப் பொருளையும் விதிநூல் தரும் பொருளையும் ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. ‘உள்ளதைப் படம் காட்டும், கூடாததை எழுத்துத்தான் கூற முடியும்’ – இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.